மறு: குபர்னாகுலம் – இழுநாணா, சுக்கான் நாணா?

அன்புள்ள குழுவினருக்கு,

கால்நடை மருத்துவப் பாட மொழிபெயர்ப்பு வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். குபர்னாகுலம் (கருவில் விந்தகம் வயிற்றிலிருந்து விதைப்பைக்கு இறங்க உதவும் நாண் போன்ற திசு) என்ற சொல் மட்டும் முடியாமல் நிற்கிறது. நம் கலைச்சொல் பட்டியலில் இதற்கு உள்ள 'இழுநாண்' தவறான கருத்தைத் தரும் என்று நினைக்கிறேன்.

விந்தகம் இறங்குவது இரண்டு கட்டமாக. முதல் கட்டத்தில், விந்தகத்தில் உள்ள லெய்டிக் செல்கள் சுரக்கும் இன்சுலின் போன்ற பெப்டைடு-3 என்ற ஹார்மோன் இந்த நாணின் கீழ்ப்பகுதியைப் பருக்க வைக்கிறது. கரு வளர வளர, பருத்த நாண் விந்தகத்தைக் கவட்டருகே பிடித்து வைக்கிறது. பிடிப்புதான், இழுப்பு இல்லை. இந்த ஹார்மோன் இல்லாத சுண்டெலிகளில் விந்தகம் வயிற்றிலேயே தங்கிவிடுவதை 1999-இல் காட்டினார்கள்.

இரண்டாம் கட்டத்துக்கு ஆண்ட்ரோஜன் என்ற ஆண்பால் ஹார்மோன் வேண்டும். எலி ஆய்வுகளின்படி அதன் வேலையில் ஒரு பகுதி நரம்பு வழியாக நடக்கிறது. பிறப்புறுப்புக்கும் தொடைக்கும் போகும் ஜெனிட்டோஃபெமோரல் நரம்பு, கால்சிட்டோனின் மரபணு சார்ந்த பெப்டைடு என்ற செய்திப் பொருளை வெளியிட, நாண் விட்டுவிட்டுச் சுருங்கி விதைப்பையை நோக்கி நகர்கிறது. பிறந்த குட்டியில் அந்த நரம்பை வெட்டினால் அந்தப் பக்க விந்தகம் இறங்குவது தடைபடுகிறது. நரம்பு திசை காட்டுகிறது என்பதே இதன் விளக்கம். 1762-இல் உடற்கூறு வல்லுநர் ஜான் ஹன்டர் இதற்குக் கப்பலின் சுக்கானைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை வைத்தார். நரம்பின் இந்த வேலையைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் எவ்வளவு பொருத்தம்! எனவே 'சுக்கான் நாண்'.

——

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் சுக்கான் அரபுச் சொல். அகநானூறு 255-இல் நீகான் (கலம் ஓட்டும் மாலுமி) மாடத்து விளக்கொளியைப் பார்த்துக் கலம் செலுத்துகிறானே! நரம்புக் குறிப்பைப் பார்த்து நகரும் நாணுக்கு அந்தப் பெயரே பொருந்தும். 'நீகான் நாண்' போதும். அப்படியே 'ஹார்மோன்' போய் 'இயக்குநீர்' வரட்டும்.

——

நீகான் ஆள், கருவி அல்ல. மாணவர் உரைநூலைப் புரட்டிவிட்டா உடற்கூறு படிப்பார்? ஹார்மோன் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதை விட்டுவிடுங்கள்.

——

சுக்கான் என்றே எடுத்துக்கொண்டாலும், சொற்புணர்ச்சி இலக்கணப்படி 'சுக்கானாண்' அல்லவா வரும்? தேன்+நன்று = தேனன்று போல.

——

சேர்த்து எழுதினால் படிப்பவருக்கு நாண் காணாமல் போய்விடும் அம்மா. பிரித்தே எழுதுவோம். பெரும்பாலோர் சரி என்றதால் வெள்ளிக்கு 'சுக்கான் நாண்' அனுப்புகிறேன், பக்கத்திலேயே குபர்னாகுலமும் இருக்கும்.

——

அனுப்புங்கள், தடுக்கவில்லை. நீகானை நான் விடுவதாக இல்லை. அடுத்த பதிப்புக்கு மீண்டும் எழுதுவேன்.