மாங்கன்னு யூடியூப் சேனலுக்கு தேடல் வார்த்தை பாக்கற டூல் விட்ஐக்யூ வாங்கவா டியூப்படி வாங்கவா? வீடியோ தேடல்ல மேல வரவே மாட்டேங்குது, உதவி பண்ணுங்க

சந்தூர் நர்சரி:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்களுக்கு போச்சம்பள்ளி பக்கம் சந்தூர்ல மாங்கன்னு நர்சரி, அப்பா 30 வருசமா ஒட்டு கட்றாரு, நான் 2 வருசமா அவர் வேலை செய்றதயும் சொல்றதயும் அப்படியே போன்ல எடுத்து யூடியூப்ல போட்டுட்டு வரேன். 70 வீடியோ ஆச்சு. ஒட்டு கட்றது, கன்னு நடறது, கவாத்து, பூ எடுக்கற சமயத்துல தத்துப்பூச்சிக்கு என்ன பண்றது, இதுதான் விஷயம். போன வருசம் வரைக்கும் மெதுவா ஏறிட்டு இருந்துச்சு, ஒரு வீடியோவுக்கு 800, 1000 வியூஸ் வரும், அத பாத்துட்டு திண்டிவனம், ஆந்திரா பார்டர்ல இருந்தெல்லாம் கன்னு வேணும்னு போன் வரும், எங்களுக்கு அந்த போன் தாங்க முக்கியம், யூடியூப் காசு இல்ல. இப்ப 5 மாசமா எந்த வீடியோவும் 100 தாண்டல.

நடுவுல டிஜிட்டல் மார்க்கெட்டிங் பண்றவங்க ஒருத்தர்கிட்ட எஸ்இஓ, அதாவது தேடல்ல மேல கொண்டு வர்ற வேலை, பண்ணித்தர சொல்லி குடுத்தோம், 8000 ரூபா, 2 மாசம் பாத்தாங்க, டேக் (வீடியோவோட சேத்து போடற தேடல் வார்த்தை) எல்லாம் போட்டாச்சு இனிமே ஏறும்னு சொல்லிட்டு போயிட்டாங்க. இப்ப டூல் வாங்கி நாமளே பண்ணிக்கலாம்னு பாக்கறேன். விட்ஐக்யூ, டியூப்படி ரெண்டையும் குரோம்ல ஃப்ரீயா போட்டு பாத்தேன், கலர் கலரா ஸ்கோர் காட்டுது ஆனா தோத்தாபுரி மாங்கன்னுன்னு தமிழ்ல அடிச்சா ஒண்ணும் சரியா வரல. காசு கட்டினா வருமா? எது நல்லது? அப்பாகிட்ட தான் மறுபடி கேக்கணும், 8000 போனதுக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லல, அதுவே எனக்கு கஷ்டமா இருக்கு, அதனால தப்பா எதயும் வாங்கிடக்கூடாது.

பாலக்கோடு தக்காளி:
தம்பி நான் விட்ஐக்யூ காசு கட்டி ஒரு வருசம் வச்சிருந்தேன், விவசாய சேனல் தான். நல்ல டூல், குறை சொல்ல மாட்டேன், அடுத்தவங்க சேனல்ல எந்த வீடியோ இந்த வாரம் வேகமா ஓடுதுன்னு பாக்கறதுக்கு ரொம்ப உதவுச்சு. ஆனா கீவேர்ட் ஸ்கோர் இருக்கு பாருங்க, அது இங்கிலீஷ்ல டொமேட்டோ ஃபார்மிங்னு அடிச்சா அழகா காட்டும், ராயக்கோட்டை தக்காளி மார்க்கெட் ரேட்னு தமிழ்ல அடிச்சா எனக்கு காலியா தான் வந்துச்சு. காசு கட்டின அப்புறமும் அப்படித்தான். ஊர் பேச்சுல தேடறத அது அவ்வளவா பிடிக்கல, என் அனுபவம் இது.

ஓசூர் எடிட்டர்:
டூல் எதுன்னு பேசறதுக்கு முன்னாடி வியூஸ் எங்க குறைஞ்சதுன்னு பாக்கணும் ப்ரோ. யூடியூப் ஸ்டுடியோ, அனலிட்டிக்ஸ், அங்க பாக்கறவங்க எங்க இருந்து வராங்கன்னு காட்டற ட்ராஃபிக் சோர்ஸ்னு இருக்கும், போன வருசம் இதே 3 மாசத்தயும் இந்த 3 மாசத்தயும் ஒப்பிட்டு பாத்து சொல்லுங்க. யூடியூப் தேடல்ல இருந்து எவ்வளவு, பிரவுஸ்ல (ஹோம் பக்கம் மாதிரி) இருந்து எவ்வளவு, மத்த வீடியோ பக்கத்துல காட்டற சஜஸ்டட்ல இருந்து எவ்வளவு. அப்புறம் இம்ப்ரெஷன் (வீடியோ படத்த எத்தனை தடவ காட்டிருக்கு), சிடிஆர் (காட்டினதுல எத்தனை சதவீதம் அமுக்கினாங்க) ரெண்டும். சிடிஆர் 4 வருது 5 வருதுன்னு பயந்துக்காதீங்க, பாதி சேனலுக்கு 2ல இருந்து 10 சதவீதத்துக்குள்ள தான் இருக்கும்னு யூடியூப்பே சொல்லிருக்கு.

சந்தூர் நர்சரி:
பாத்தேன் அண்ணா. சிடிஆர் முன்னாடியும் 5 கிட்ட தான் இருந்துச்சு இப்பவும் கிட்டத்தட்ட அதே. இம்ப்ரெஷன் தான் படுத்துடுச்சு. தேடல்ல இருந்து வர்றது கொஞ்சம் தான் குறைஞ்சிருக்கு, ஆனா பிரவுஸ்ல இருந்தும், சப்ஸ்கிரைபருக்கு போற நோட்டிபிகேஷன்ல இருந்தும் வர்றது சுத்தமா இல்ல. வீடியோ கடைசில வேற வீடியோவ காட்டற எண்ட் ஸ்கிரீன்ல இருந்து வர்றதும் சைபர். நான் தேடல் தான் பிரச்சனைன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

அரூர் சமையல்:
தம்பி உங்க சேனல் போய் பாத்தேன், அப்பா ஒட்டு கட்ற வேகம் பாக்கவே ஆசையா இருக்குப்பா. ஒண்ணு கேக்கணும், உங்க வீடியோ எல்லாத்துலயும் கமெண்ட் ஏன் மூடி வச்சிருக்கீங்க? கீழ கேள்வி கேக்கலாம்னு பாத்தா எழுத முடியல. எனக்கும் ஒரு தடவ என் சாமை பாயசம் வீடியோவுல இப்படி ஆச்சு, குழந்தைகளுக்கான வீடியோன்னு தெரியாம டிக் பண்ணிட்டேன். ஸ்டுடியோல செட்டிங்ஸ், சேனல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் ஆடியன்ஸ்னு இருக்கும் பாரு.

ஓசூர் எடிட்டர்:
அக்கா கரெக்டா பிடிச்சிட்டீங்க!! நோட்டிபிகேஷன் சைபர், எண்ட் ஸ்கிரீன் சைபர், கமெண்ட் இல்ல, மூணும் சேந்து வந்தா அது தான். 2020 ஜனவரில இருந்து போடற வீடியோ குழந்தைகளுக்கானதா இல்லயான்னு எல்லாரும் சொல்லியே ஆகணும், அமெரிக்காவுல குழந்தைகளோட தகவல் பாதுகாப்பு சட்டத்துக்காக கொண்டு வந்தாங்க. ஆமான்னு போட்டா கமெண்ட், பெல் நோட்டிபிகேஷன், கார்டு, எண்ட் ஸ்கிரீன் எல்லாம் போயிடும். மாங்கன்னு ஒட்டு குழந்தைகளுக்கா? பாருங்க ப்ரோ சீக்கிரம்.

சந்தூர் நர்சரி:
ஆமாங்க. சேனல் முழுசுக்கும் குழந்தைகளுக்கானதுன்னு இருக்கு. நான் போடவே இல்ல, அவங்களுக்கு ஜிமெயில் பாஸ்வேர்ட் குடுத்திருந்தேன், அப்ப தான் மாத்திருக்காங்க. அப்லோட் பண்ணும்போது ஒவ்வொரு தடவயும் கேக்குதேன்னு ஒரேயடியா போட்டுட்டாங்களான்னு தெரியல. 5 மாசம்ங்க. மாத்திட்டேன் இப்ப. கை நடுங்குது.

ஓசூர் எடிட்டர்:
விடுங்க, பிடிச்சாச்சுல்ல. வீடியோ லிஸ்ட்லயும் போய் பாருங்க, தனித்தனியா ஆமான்னு போட்டது இருந்தா அத மொத்தமா செலக்ட் பண்ணி எடிட்ல மாத்தலாம், ஏன்னா சேனல்ல மாத்தினாலும் வீடியோல தனியா போட்டது தான் நிக்கும். அப்புறம் முதல் வேலையா பாஸ்வேர்ட் மாத்துங்க, கூகுள் அக்கவுண்ட்ல செக்யூரிட்டி பக்கம் போய் வேற எந்த டிவைஸ்ல லாகின் இருக்கு, எந்த ஆப்புக்கு பர்மிஷன் இருக்குன்னு பாத்து தெரியாததெல்லாம் எடுத்துடுங்க. இனிமே யாருக்கு குடுத்தாலும் பாஸ்வேர்ட் வேண்டாம், ஸ்டுடியோலயே பர்மிஷன்ஸ்னு இருக்கு, எடிட்டர், பாக்க மட்டும்னு தனித்தனியா குடுக்கலாம், வேலை முடிஞ்சதும் எடுத்துடலாம்.

சந்தூர் நர்சரி:
மாத்திட்டேன் அண்ணா. 70ல 22 வீடியோ தனியாவும் ஆமான்னு இருந்துச்சு. சரி, இது ஒரு பக்கம், ஆனா தேடல்லயும் நாங்க கீழ தான இருக்கோம், அதுக்கு டூல் வேணுமா வேண்டாமா? அவங்க போட்ட டேக் எல்லா வீடியோவுலயும் ஒரே டேக், வைரல், ட்ரெண்டிங், ஒரு நடிகர் பேர் கூட இருக்கு. டிஸ்கிரிப்ஷன்லயும் அதே டேக்க வரிசையா ஒட்டி வச்சிருக்காங்க.

பாலக்கோடு தக்காளி:
அத இன்னிக்கே அழிங்க. டிஸ்கிரிப்ஷன்ல டேக்க கொட்டறது யூடியூப் ரூல்ஸ்லயே ஸ்பாம்ல வருது, ஸ்ட்ரைக் கூட விழலாம். டேக் பெட்டியிலயும் 500 எழுத்து இடம் இருக்குன்னு ரொப்ப வேண்டாம், டேக்கால வீடியோ மேல போறது ரொம்ப கம்மின்னு யூடியூப் ஹெல்ப் பக்கத்துலயே போட்டிருக்கு, மக்கள் ஸ்பெல்லிங் மாத்தி அடிக்கற வார்த்தைக்கு தான் உதவும்னு. உங்களுக்கு அது உண்மையிலயே உதவும், செந்தூரா மாம்பழ பேர இங்கிலீஷ் எழுத்துல எத்தனை விதமா அடிப்பாங்க யோசிங்க. இமாம்பசந்த் அதவிட மோசம். அந்த ஸ்பெல்லிங் எல்லாம் டேக்ல போடுங்க, அவ்வளவு தான் டேக் வேலை.

அரூர் சமையல்:
நான் டூல் எதுவும் வாங்கல, ஆனா ஒண்ணு பண்ணேன், அனலிட்டிக்ஸ்ல யூடியூப் தேடல அமுக்கினா என்ன வார்த்தை அடிச்சு நம்ம வீடியோவுக்கு வந்தாங்கன்னு வரும், அத ஒரு நோட்ல எழுதினேன். நான் கேழ்வரகு களின்னு தலைப்பு வச்சிருந்தேன், வந்தவங்கள்ல நிறைய பேர் ராகி களின்னு அடிச்சு வந்திருக்காங்க, அதுலயும் கட்டி இல்லாமன்னு சேத்து. தலைப்ப ராகி களி கட்டி இல்லாம கிண்டறதுன்னு மாத்தினேன், இன்னிக்கும் அந்த வீடியோ தான் எனக்கு சோறு போடுது.

ஓசூர் எடிட்டர்:
அக்கா சொன்னதுக்கு மேல எந்த டூலும் இல்ல. சந்தூர் ப்ரோ உங்க தலைப்புகள பாத்தேன், "மாவில் பிஞ்சு உதிர்தல் மேலாண்மை"னு ஒண்ணு இருக்கு. அது வேளாண்மை புத்தகத்து தமிழ். உங்க அப்பாவுக்கு போன் பண்றவங்க என்ன கேப்பாங்க? பிஞ்சு கொட்டுதுங்க என்ன அடிக்கறதுன்னு தான கேப்பாங்க. அவங்க தேடற பெட்டியிலயும் அதே தான் அடிப்பாங்க. தோத்தாபுரியும் அப்படித்தான், நம்ம மாவட்டத்துல பாதி பேர் பெங்களூரான்னு தான் சொல்லுவாங்க. கூகுள் ட்ரெண்ட்ஸ் ஃப்ரீ தான, அதுல வெப் தேடலுக்கு பதிலா யூடியூப் தேடல்னு மாத்தி, தமிழ்நாடுன்னு வச்சு ரெண்டு பேரயும் போட்டு பாருங்க. யூடியூப் பெட்டியில லாகின் இல்லாம "மாங்கா செடி"ன்னு அடிச்சு கீழ என்ன வருதுன்னும் பாருங்க, தமிழ்லயும் அடிங்க, இங்கிலீஷ் எழுத்துல தமிழாவும் அடிங்க, ரெண்டுக்கும் வேற வேற வரும்.

தலைப்பு 100 எழுத்து வரைக்கும் போகும், ஆனா போன்ல பாதியில வெட்டிடும், முக்கியமான வார்த்தை முன்னாடி. வீடியோ மொழி தமிழ்னு இருக்கான்னு பாருங்க. நீளமான வீடியோன்னா டிஸ்கிரிப்ஷன்ல சாப்டர் (எந்த நேரத்துல என்ன வருதுன்னு வரிசையா எழுதறது) போடுங்க, முதல் நேரம் 00:00ல ஆரம்பிக்கணும், குறைஞ்சது 3 இருக்கணும், ஒவ்வொண்ணும் 10 செகண்டாவது. வேர்ச்செடி எடுக்கறது, குச்சி சீவறது, சுத்தறதுன்னு பிரிச்சு வச்சா தேவையான இடத்துக்கு நேரா வருவாங்க. அதோட தேடி வந்தவங்க எவ்வளவு நேரம் நின்னு பாக்கறாங்கங்கறதயும் தேடல் பாக்குது, உங்க வீடியோல முதல் 40 செகண்ட் பேர் ஓடுது மியூசிக்கோட, அத எடுத்துட்டு அப்பா கைய காட்டுங்க. கத்தி குச்சில படறது தான் பாக்கவே வராங்க.

சந்தூர் நர்சரி:
அப்ப ரெண்டு டூலும் வேண்டாம்னு சொல்றீங்களா அண்ணா?

ஓசூர் எடிட்டர்:
இப்ப வேண்டாம். ஃப்ரீல விட்ஐக்யூ போட்டு வச்சுக்கோங்க, மத்தவங்க வீடியோ பாக்க போதும். டியூப்படி காசு கட்றதுக்கு முக்கிய காரணமா சொல்றது தம்ப்நெயில் (வீடியோ முகப்பு படம்) ஏ/பி டெஸ்ட், அதாவது வேற வேற படத்த காட்டி எது நல்லா ஓடுதுன்னு பாக்கறது, அத இப்ப ஸ்டுடியோவே ஃப்ரீயா தருது, 3 தம்ப்நெயில் வரைக்கும் போடலாம், எத பாத்து வந்தவங்க அதிக நேரம் பாத்தாங்கன்னு வச்சு முடிவு சொல்லும், கம்ப்யூட்டர்ல தான் வரும். 70 வீடியோவுக்கும் டிஸ்கிரிப்ஷன்ல ஒரே போன் நம்பர மாத்தணும்னா அப்ப டியூப்படி ஒரு மாசம் வாங்கி மொத்தமா மாத்திட்டு நிறுத்திடலாம், அதுக்கு அது நல்ல டூல். வாங்கினா மாச பில்லிங், வருசத்துக்கு கட்டாதீங்க, தானா புதுப்பிக்கறத ஆஃப் பண்ணுங்க.

சந்தூர் நர்சரி:
3 வாரம் ஆச்சுங்க, சொல்லணும்னு வந்தேன். கமெண்ட் திறந்ததும் முதல் வாரமே 14 கேள்வி, அப்பாவ உக்கார வச்சு ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதினோம். 11 வீடியோவுக்கு தலைப்பு மாத்திருக்கேன், மெதுவா பண்றேன், எது எதால மாறுதுன்னு தெரியணும்னு தேதியோட எழுதி வச்சு. "பிஞ்சு கொட்டுதா"ன்னு மாத்தினது தேடல்ல இருந்து இப்ப ஒரு நாளைக்கு 20, 30 வருது, முன்னாடி 2, 3. தேடின வார்த்தையில "பெங்களூரா செடி எத்தனை அடி விட்டு நடணும்"னு நிறைய இருக்கு, அதுக்கு எங்ககிட்ட வீடியோவே இல்ல. அப்பாகிட்ட சொன்னேன், நாளைக்கு காலைல டேப் எடுத்துட்டு தோப்புக்கு போறோம். அரூர் அக்காவுக்கு ரொம்ப நன்றி, செந்தூரா கன்னு ரெண்டு எடுத்து வச்சிருக்கார் அப்பா, இந்த பக்கம் வந்தா வாங்கிட்டு போங்க.

அரூர் சமையல்:
வரேன்பா, ஞாயித்துக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு வருவோம். அப்பாவ கேட்டதா சொல்லு.