நாகஸ்வரப் பதிவில் படபடவென்று சத்தம், டிரைவர் கோளாறா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், மாடி அறையில் அப்பாவின் நாகஸ்வரத்தைப் பதிவு செய்கிறேன். விண்டோஸ் 11, யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஏசியோ4ஆல் (ASIO4ALL) என்ற பொது ஆடியோ டிரைவர். பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துணுக்கின் அளவு) 64 சாம்பிளில் வைத்தால், அவர் நீட்டி ஊதும் ஸ்வரத்தின் நடுவே படபடவென்று வெடிக்கிறது. 512-இல் சத்தம் இல்லை, ஆனால் ஹெட்ஃபோனில் அவர் ஊதுவதே அவருக்குத் தாமதமாகக் கேட்கிறது. வாசிக்கவே முடியவில்லை என்கிறார். அவர் மூச்சு நன்றாக இருக்கும்போதே கீர்த்தனைகளைப் பதிந்துவிட வேண்டும், உதவுங்கள்.

பதில் 1: தம்பி, முதலில் ஏசியோ4ஆலை நீக்குங்கள். அது விண்டோஸ் டிரைவர்மேல் போட்ட பாலம்தான். தயாரிப்பாளர் தளத்தில் உங்கள் மாடலுக்கான ஏசியோ டிரைவர் (தாமதம் குறைந்த ஆடியோ டிரைவர்) இருந்தால் அதையே போட்டு, பஃபரை 128-இல் வைத்துப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் 512 என்றால் ஒரு வழிக்கே 10.7 மில்லிசெகண்ட், 128 என்றால் 2.7தான்.

பதில் 2: எந்த டிரைவர் ஒலிக்குத் தடையாகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் (LatencyMon) மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். புதுச்சேரியில் என் லேப்டாப்பில் வைஃபை டிரைவர்தான் குற்றவாளி. பதிவின்போது வைஃபையை அணைத்துவிடுவேன். யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேராக மாட்டுங்கள். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் (மைக் ஒலியைக் கணினி வழியே அனுப்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்குத் தரும் வசதி) இருந்தால் அப்பாவுக்கு அதையே கொடுங்கள், தாமதப் பேச்சே வராது.

கேட்டவர்: நன்றி அண்ணா. புது டிரைவர், 128, வைஃபை ஆஃப். தோடி ஆலாபனை முழுக்கச் சுத்தமாகப் பதிவானது! தவில் மைக்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.