சனிக்கிழமை மேட்ச் கேன்சல், ஹோமம் எத்தனை மணிக்கு?

குழு: மேலச்சிந்தாமணி வீடு 🏠

— 8 டிசம்பர் 2020, செவ்வாய் (அமெரிக்கா இரவு, இந்தியா விடியல்) —

கார்த்தி: அப்பா பார்த்தீங்களா

கார்த்தி: கேன்சல்

ரவி (கொலம்பஸ்): மத்தியானமே பார்த்துட்டேன்.

கார்த்தி: ❌ிச்சிகன் பயந்துட்டாங்க 😂😂

வித்யா: டேய், 'மி'யைக்கூட ❌ போட்டு அடிப்பியா

ராஜி (திருச்சி): என்ன கேன்சல்? ஹோமமா?? குழந்தைக்கு என்ன ஆச்சு

வித்யா: ஹோமம் இல்லம்மா. சனிக்கிழமை காலேஜ் ஃபுட்பால் மேட்ச், கொரோனாவால. நம்ம ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன்.

ராஜி (திருச்சி): அப்பாடா. காலங்காத்தால வயித்துல புளியைக் கரைச்சுட்டான்

லட்சுமி (மதுரை): 🌺 இனிய காலை வணக்கம் 🌺

ராஜி (திருச்சி): ரவி, அப்போ 12 மணிக்குள்ள முடிக்கணும்னு நீ பிடிச்ச பிடிவாதம் இனி இல்லையே? இந்தியா நேரம் சாயந்தரம் 6க்கே வச்சுக்கலாமா. ராத்திரி 9க்கு ஆரம்பிச்சா உங்க அண்ணன் 9:10க்கு குறட்டை.

ரவி (கொலம்பஸ்): அண்ணி, 10:30னு வச்சது மேட்சுக்காக இல்ல. சனிக்கிழமை 9 முதல் 10:30 ராகு காலம். அதனால வாத்தியார் கொடுத்த நேரம் அது. 12க்குள்ள முடிக்கணும்ங்கறது மட்டும்தான் மேட்சுக்காக.

லட்சுமி (மதுரை): ராகு காலம் எந்த ஊர் கணக்கு? அங்கயா இங்கயா?

கார்த்தி: குழந்தை எங்க இருக்கோ அங்க அத்தை

லட்சுமி (மதுரை): உன்னைக் கேக்கல

கணேசன் (டாலஸ்): இந்த கேன்சலே தேவையில்லாத பயம். 20 வயசுப் பசங்க, ஆடட்டுமே. செப்டம்பர்ல டிரம்ப் ஃபோன் பண்ணலைன்னா இந்த அஞ்சு மேட்ச்கூட நடந்திருக்காது. அதை யாரும் சொல்ல மாட்டீங்க.

வித்யா: மாமா ஆரம்பிச்சாச்சு

கார்த்தி: 🍿

ரவி (கொலம்பஸ்): மச்சான், தேதி வரிசையா பாருங்க. ஜூலை 9: பிக் டென், அதாவது நம்ம 14 யூனிவர்சிட்டி லீக், வெளி டீம்களோட ஆடறதில்லைன்னு அறிவிச்சது. ஆகஸ்ட் 11: சீசனையே தள்ளி வச்சது. 14 யூனிவர்சிட்டித் தலைவர்கள்ல 11 பேர் தள்ளணும், 3 பேர் கூடாது. அந்த மூணு நெப்ராஸ்கா, அயோவா, ஒஹாயோ ஸ்டேட். இந்தக் கணக்கே நெப்ராஸ்கா ஆட்டக்காரர்கள் எட்டு பேர் கேஸ் போட்ட பிறகுதான் வெளிய வந்தது. டிரம்ப், பிக் டென் கமிஷனர் கெவின் வாரன்கிட்ட பேசினது செப்டம்பர் 1. திரும்ப ஆடலாம்னு முடிவு வந்தது செப்டம்பர் 16, இந்தத் தடவை 14க்கு 14. நடுவுல மாறினது என்ன? தினமும் ஆன்டிஜென் டெஸ்ட் பண்ற வசதி. ஆகஸ்ட்ல அது கைல இல்ல. டெஸ்ட் பண்ண முடியாத வரைக்கும் யார் ஃபோன் பண்ணினாலும் டாக்டர்கள் கையெழுத்து போட்டிருக்க மாட்டாங்க. ஃபோன் வந்ததே இல்லைன்னு நான் சொல்லல. பெற்றோர் ஆர்ப்பாட்டம், நம்ம ஆட்டக்காரர் ஜஸ்டின் ஃபீல்ட்ஸ் ஆடணும்னு போட்ட மனுவுக்கு மூணு லட்சத்துக்கு மேல கையெழுத்து, மத்த லீக்குகளான எஸ்.இ.சி.யும் ஏ.சி.சி.யும் நாங்க ஆடத்தான் போறோம்னு நின்னது, எல்லா நெருக்கடியும் இருந்தது. ஆனா கதவைத் திறந்த சாவி அந்த டெஸ்ட் கிட்.

லட்சுமி (மதுரை): 'மேலும் படிக்க' ரெண்டு தடவ அமுக்கிட்டேன், இன்னும் முடியல ரவி

கணேசன் (டாலஸ்): டிபேட்லயே சொன்னாரே, பிக் டென் ஃபுட்பாலைக் கொண்டுவந்தது நான்தான்னு.

வித்யா: சொன்னார். அதே பிக் டென் மாநிலங்களான மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மேல இன்னிக்கு உங்க டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்ல கேஸ் போட்டிருக்கு மாமா, ஓட்டு செல்லாதுன்னு. ஃபுட்பால் வேணும், ஓட்டு வேணாமா?

கணேசன் (டாலஸ்): அது வேற இது வேற

ரவி (கொலம்பஸ்): ரெண்டு பக்கமும் அரசியல்தான் வித்யா. காலி ஸ்டேடியத்தைக் காட்டி பைடன் பக்கமும் விளம்பரம் போட்டாங்க.

லட்சுமி (மதுரை): கமலா வந்துட்டா எல்லாம் சரியாயிடும். துளசேந்திரபுரத்துல பட்டாசு வெடிச்சாங்க 🎉

கணேசன் (டாலஸ்): லட்சுமிக்கா, உங்களுக்கு அங்க ஓட்டே கிடையாது

லட்சுமி (மதுரை): உனக்கு இருந்து என்ன பண்ணின

கார்த்தி: 🔥🔥

கார்த்தி: சரி நான் கேக்கறேன். கமென்டேட்டர் ஹெர்ப்ஸ்ட்ரீட் டிவில சொன்னாரே, மிச்சிகன் வெள்ளைக்கொடி காட்டித் தப்பிக்கப் பார்க்கும்னு. 2018ல 62-39, போன வருஷம் 56-27. எட்டு வருஷமா தொடர் தோல்வி. இந்த வருஷம் 2 வெற்றி, 4 தோல்வி. நீங்களா இருந்தா ஆடுவீங்களா?

வித்யா: சொன்ன அன்னிக்கு ராத்திரியே மன்னிப்பும் கேட்டார். அதையும் போடு.

லட்சுமி (மதுரை): ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்

கார்த்தி: அத்தை 🙏🙏🙏

ரவி (கொலம்பஸ்): கார்த்தி, வடக்கூர்க்காரங்களுக்காக நான் பேசறது இதுதான் முதல் தடவை, இதுவே கடைசி. பயந்து நிறுத்தல. ஆள் இல்ல. கணக்கு போட்டுக் காட்டறேன்.

வித்யா: சித்தப்பா 'மிச்சிகன்'னே டைப் பண்ண மாட்டார் 😂

ரவி (கொலம்பஸ்): ஒரு டீம்ல ஆட்டக்காரர், கோச், உதவியாளர் எல்லாம் சேர்த்து 170 பேர்னு வச்சுக்கோ. தினமும் டெஸ்ட். ஏழு நாள்ல 170 × 7 = 1190 டெஸ்ட். பிக் டென் ரெண்டு சதவீதம் பார்க்கும், ரெண்டுமே ஏழு நாள் சராசரி. ஒண்ணு: பாசிட்டிவ் ÷ மொத்த டெஸ்ட். 2 வரை பச்சை, 5 வரை ஆரஞ்சு, மேல சிவப்பு. இன்னொண்ணு: பாசிட்டிவ் ஆன ஆள் ÷ மொத்த ஆள். 3.5 வரை பச்சை, 7.5 வரை ஆரஞ்சு, மேல சிவப்பு. ரெண்டும் சிவப்புன்னா ஏழு நாளாவது கடையை மூடணும்.

இப்போ 13 பேருக்கு வந்துடுச்சுன்னு வை. ஆள் கணக்குல 13 ÷ 170 = 7.6, சிவப்பு. டெஸ்ட் கணக்குல 13 ÷ 1190 = 1.1, பச்சை! டெஸ்ட் கணக்கும் சிவப்பாகணும்னா ஒரே வாரத்துல 60 பேருக்கு வரணும். மூணுல ஒருத்தர். அதுவரைக்கும் எந்த டீமும் நிக்காது. அதனால சிவப்பு-சிவப்புக்காக யாரும் காத்திருக்கல. விஸ்கான்சின் அக்டோபர் 28ல 12 பேருக்கு வந்ததுமே தானா நிறுத்தினது.

கணேசன் (டாலஸ்): அப்போ விதி எதுக்கு?

ரவி (கொலம்பஸ்): நல்ல கேள்வி. விதி எழுதினவங்க தினமும் டெஸ்ட் பண்ணினா கீழ இருக்கற எண் வீங்கும்னு யோசிக்கலைன்னுதான் எனக்குத் தோணுது. டீமை நிஜமா முடக்கறது வேற ரெண்டு விஷயம்.

ராஜி (திருச்சி): ரவி, நெய் எவ்வளவு வாங்கணும்னு வித்யாகிட்ட சொல்லிட்டியா

ரவி (கொலம்பஸ்): அரை கிலோ போதும் அண்ணி. சமித்து ஒரு கட்டு.

ரவி (கொலம்பஸ்): ஒண்ணு, 21 நாள். பாசிட்டிவ் ஆன பையன் இதயத்துக்கு ரத்த டெஸ்ட், இ.சி.ஜி., எக்கோ, எம்.ஆர்.ஐ. நாலும் முடிச்சு 21 நாள் கழிச்சுத்தான் மேட்ச் ஆடலாம். இங்க ஒஹாயோ ஸ்டேட்லயே கொரோனா வந்து தேறின 26 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததுல 4 பேருக்கு இதயத் தசை வீக்கத்துக்கான அறிகுறி. அதான் அந்த ஜாக்கிரதை. நவம்பர் 24ல பாசிட்டிவ்னா டிசம்பர் 15. நவம்பர் 28, டிசம்பர் 5, 12, மூணு மேட்ச் போச்சு. மத்த இடங்கள்ல 10 நாள்ல வந்துடறாங்க.

ரெண்டு, பக்கத்துல இருந்தவங்க. ஆறடிக்குள்ள, 24 மணி நேரத்துல மொத்தம் 15 நிமிஷம் இருந்தா 14 நாள் தனிமை. டெஸ்ட் நெகட்டிவ்னாலும் வெளிய வர முடியாது, கிருமி மெதுவா தலை காட்டும். மைதானத்துல முட்டிக்கறது சில விநாடி. மாட்டிவிடறது மீட்டிங் ரூம், பஸ், சாப்பாட்டு மேஜை. ஒரே வேலை பண்றவங்க ஒரே ரூம்ல உட்காருவாங்க. அஃபென்சிவ் லைன்ல (பந்து வச்சிருக்கற பக்கத்து முன்வரிசை) ரெண்டு பேருக்கு வந்தா அந்த வரிசையே காலி. மத்தவங்க நூறு பேர் நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல. அதான் எஸ்.இ.சி. எழுத்துலயே வச்சிருக்கு: ஸ்காலர்ஷிப் ஆட்டக்காரர் 53 பேர், அதுல அஃபென்சிவ் லைன் 7, டிஃபென்சிவ் லைன் 4, குவார்ட்டர்பேக் (பந்தை எறியறவர்) 1. குறைஞ்சா தள்ளி வைக்கக் கேக்கலாம்.

கார்த்தி: டென்வர் 😭

ரவி (கொலம்பஸ்): அதேதான். பத்து நாள் முன்னாடி ப்ரொஃபஷனல் லீக் என்.எஃப்.எல்.ல டென்வர் குவார்ட்டர்பேக் எல்லாரும் தனிமைக்குப் போய், பந்து பிடிக்கற பையனை எறிய வச்சாங்க. 9 எறிஞ்சதுல 1தான் போய்ச் சேர்ந்தது. 31-3.

லட்சுமி (மதுரை): கபசுரக் குடிநீர் 5 கிராம், தண்ணி 240 மில்லி, 60 மில்லியா சுண்டக் காய்ச்சி வடிகட்டி வெதுவெதுப்பா குடிக்கணும். அந்தப் பசங்களுக்கு யாராவது சொன்னாங்களா

வித்யா: அத்தை 😂❤️

அருண்: 🙂

கார்த்தி: அருண் மாமா உயிரோட இருக்கார்!! மிச்சிகன் ஸ்வெட்டர் கழட்டியாச்சா

அருண்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி (திருச்சி): மாப்பிள்ளை என்ன போட்டார்? கண்ணாடி எடுக்கறதுக்குள்ள போச்சு

கணேசன் (டாலஸ்): பாயிண்டுக்கு வரேன். ஆள் இல்லைன்னா தோத்ததா எழுதணும். கல்யாணத்துல மேளக்காரன் வரலைன்னா பணம் கொடுப்போமா?

ராஜி (திருச்சி): கணேசா, அந்தக் கதை இப்ப எதுக்கு

கணேசன் (டாலஸ்): பொதுவாச் சொன்னேன்

ரவி (கொலம்பஸ்): அந்த மேளக்காரனுக்கு அட்வான்ஸ் கொடுத்தது யாருன்னு நான் கேக்கல, நீங்களும் கேக்காதீங்க. தோல்வின்னு எழுதினா காய்ச்சலோட ஆட வருவான். க்ளெம்சன் டீம்ல அறிகுறி இருந்த ஒரு பையன் டீமோட ஃப்ளைட் ஏறிட்டான், வெள்ளிக்கிழமை டெஸ்ட் பாசிட்டிவ். ஃப்ளோரிடா ஸ்டேட் மைதானத்துல ஆட்டம் தொடங்க சில மணி நேரம் இருக்கறப்போ நிறுத்தினாங்க. க்ளெம்சன் கோச் ஸ்வினி, கொரோனா வெறும் சாக்குன்னு திட்டினார். அதனாலதான் பிக் டென்ல யாருக்கும் தோல்வி இல்ல, நடக்காத ஆட்டம்னு விட்டுடறாங்க. நம்ம தொடர் வெற்றி எட்டு எட்டாவே நிக்கும், ஒன்பது ஆகாது. 1918லேருந்து விடாம வருஷா வருஷம் நடந்த ஆட்டம் இது.

கார்த்தி: நமக்கு இப்போ 5 மேட்ச்தான். பிக் டென் ஃபைனலுக்கு 6 வேணுமே??

ரவி (கொலம்பஸ்): அதான் இப்போ தலைவலி. சீசனை எட்டு சனிக்கிழமை, எட்டு மேட்ச்னு நெருக்கிப் போட்டாங்க. அக்டோபர் 24 தொடங்கி டிசம்பர் 12 வரை ஒரு வாரம்கூட காலி கிடையாது. எஸ்.இ.சி. செப்டம்பர் 26லயே தொடங்கி, டிசம்பர் 12ஐ விட்டுப்போன மேட்சுக்குன்னு காலியா வச்சிருந்தது. இங்க ஒரு வாரம் போனா போனதுதான். மேரிலாந்து அவங்களால போச்சு, இல்லினாய் நம்மால போச்சு, இப்போ இது. ஆகஸ்ட்ல இழந்த வாரங்களுக்கு டிசம்பர்ல வட்டி கட்டறோம்.

கணேசன் (டாலஸ்): பார்த்தியா, ஆகஸ்ட்ல தள்ளி வச்சதுதான் தப்புன்னு நீயே சொல்லிட்ட மாப்ள

ரவி (கொலம்பஸ்): வாரத்தை இழந்தாங்கன்னு சொன்னேன். தப்புன்னு சொல்லல.

கணேசன் (டாலஸ்): ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு

வித்யா: குழந்தை எழுந்துட்டான். மணி முடிவு பண்ணி வைங்க

— 9 டிசம்பர் 2020, புதன் —

கார்த்தி: 6 மேட்ச் விதியைத் தூக்கிட்டாங்க!!! 19ஆம் தேதி ஃபைனல். நார்த்வெஸ்டர்ன். இண்டியானாபோலிஸ். மத்தியானம் 12 🏈🏈

வித்யா: அடேங்கப்பா. இண்டியானா 6-1 இருக்கே, அவங்களுக்கு வர வேண்டியது இல்லையா

ரவி (கொலம்பஸ்): இண்டியானாவை நாம 42-35 ஜெயிச்சிருக்கோம். சனிக்கிழமை தோத்திருந்தாகூட நாமதான் மேல. ஆனா பாதி ஆட்டத்துல கோல்போஸ்ட்டை நகர்த்தினாங்கன்னு சொன்னா நான் மறுக்க மாட்டேன். நாட்டுலயே நாலாவது இடத்துல இருக்கற டீமை வெளிய விட்டா பிளேஆஃப் (தேசிய நாக்-அவுட்) பணம் போச்சு, அதான் அவசரம்.

கணேசன் (டாலஸ்): இதுக்கு யார் ஃபோன் பண்ணினா 😏

ராஜி (திருச்சி): ஒரு சின்ன விஷயம். குழந்தைக்கு அனுப்பின வெள்ளி அரைஞாண் கொடி 17ஆம் தேதிதான் வருமாம், கொரியர்காரன் சொல்றான். ஹோமத்தை அடுத்த சனிக்கிழமைக்கு மாத்திடலாமா? 19.

கார்த்தி: 😱

ரவி (கொலம்பஸ்): அண்ணி 19 வேண்டாம். நட்சத்திரம் பார்த்து வச்ச நாள், மாத்தக் கூடாது.

வித்யா: நட்சத்திரமா சித்தப்பா? 😂

லட்சுமி (மதுரை): 16ஆம் தேதி மார்கழி பொறக்குது. அதெல்லாம் வேண்டாம். இந்த சனிக்கிழமையே பண்ணுங்க, கொடி வந்தப்புறம் கட்டிக்கலாம்.

ரவி (கொலம்பஸ்): அக்கா வாழ்க 🙏

ராஜி (திருச்சி): அப்போ 6 மணிக்கா 9 மணிக்கா?

வித்யா: 6னா இங்க காலை 7:30. அருண் குண்டத்தை கராஜ்ல வைக்கணும்ங்கறார், வீட்டுக்குள்ள ஸ்மோக் அலாரம் அடிக்கும்.

ரவி (கொலம்பஸ்): காரை வெளிய எடுத்துட்டு கதவை முக்கால் திறந்து வை. குண்டத்துக்கு அடியில செங்கல், மேல மணல். லேப்டாப் காத்து வர்ற பக்கம் இருக்கணும், இல்லைன்னா புகை மட்டும்தான் ஜூம்ல தெரியும்.

வித்யா: காலை 7:30க்கு கதவைத் திறந்தா குழந்தை விறைச்சுடுவான் சித்தப்பா

லட்சுமி (மதுரை): வாத்தியாரைக் கேளுங்க

கணேசன் (டாலஸ்): எனக்கு 9:30க்கு அப்புறம்னா வசதி. டாலஸ் நேரம்.

கார்த்தி: அது இங்க 10:30. பழைய நேரமேதான் மாமா

ராஜி (திருச்சி): உங்க அண்ணன் தூங்கிடுவார்னு சொன்னேனே

வித்யா: அப்பாவை மத்தியானம் தூங்கச் சொல்லும்மா. லிங்க் அனுப்பறேன்

லட்சுமி (மதுரை): லிங்க்னா போன தடவை மாதிரி பாஸ்வேர்ட் கேக்குமா