தையல் மிஷின் மேல் டிவி வைத்திருந்த வீடுகள்: மறுபடி தைக்க ஆரம்பித்தவர்கள் சொல்லுங்கள்

ஊசிமுனை, திருச்சி

கல்யாணச் சீராக வந்த உஷா, சிங்கர், மெரிட் மிஷின்கள் பல வீடுகளில் மேஜையாகிவிட்டன. மேலே பூப்போட்ட கவர், கவருக்கு மேல் டிவி, இல்லாவிட்டால் இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணி மூட்டை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, மிதி மிஷினைத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. "எனக்கு ஒரு ஹாபி வேணும்மா" என்று சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் மூன்று பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம், தனக்கு உள்பாவாடை, பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுக்கு ஹூக் என்று ராத்திரி பதினோரு மணி வரை மிதித்தவளுக்கு அது ஹாபியாகத் தெரியுமா? ரெடிமேட் நைட்டியும் ரெடிமேட் யூனிஃபார்மும் வந்த அன்றே மிஷினுக்குக் கவர் போட்டுவிட்டாள்.

பழுது பார்க்க வந்த பெரியவர் எதையும் கழற்றவில்லை. எண்ணெய் விடும் துளைகளில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டார். வீலைக் கையால் சுற்றிப் பார்த்தார், ஒரு டீ குடித்தார், மறுபடி சுற்றினார். "ஆயில் காஞ்சு பிசினாயிருக்கு, அவ்வளவுதாம்மா. மிஷினுக்கு ஒண்ணுமில்ல." பிசின் இளகியதும் துடைத்துவிட்டு மிஷின் ஆயில் போட்டார். காய்ந்து வெடித்திருந்த தோல் பெல்ட்டுக்குப் பதில் புதிதாக வெட்டிக் கம்பி கோத்தார். கிளம்பும்போது அவர் சொன்ன ஒன்று எனக்கு இன்றுவரை உதவுகிறது: "அடியில நூல் கொத்துக்கொத்தா மண்டுச்சுன்னா எல்லாரும் பாபினத்தான் (கீழ் நூல் சுத்தின உருளை) திட்டுவாங்க. நீங்க மேல் நூலைப் பாருங்க." நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் மேல் நூல் சரியாக உட்காராவிட்டால் சிக்கல் அடியில்தான் தெரியும். ஊசியும் துணிக்குத் தகுந்தபடி மாற வேண்டுமாம். மெல்லிய துணிக்கு 11, சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16.

முதலில் ஜாக்கெட்டுக்குப் போகவில்லை. அதற்கு அளவு, கப், கை வளைவு என்று ஆயிரம் இருக்கிறது, தெருமுனையில் நல்ல டெய்லரும் இருக்கிறார். ஒட்டுப் போர்வை (துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து, நடுவில் ஓர் அடுக்கு வைத்துச் சேர்ப்பது) அப்படியில்லை, நேர்த்தையல் தெரிந்தால் போதும். நேர்த்தையல் மட்டுமே போடத் தெரிந்த இந்தக் கறுப்பு மிஷினுக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. கணக்கும் எளிது: ஐந்தரை அங்குலச் சதுரம் வெட்டி, நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் ஐந்து அங்குலம் நிற்கும். அகலத்தில் 12, நீளத்தில் 18 வைத்தால் 60க்கு 90, ஒற்றைக் கட்டில் அளவு. மொத்தம் 216 துண்டு.

துணிக்கு அம்மாவின் பழைய சுங்குடியும் செட்டிநாட்டுக் காட்டனும். ஃபால்ஸ் ஓரமும் உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த இடமும் ஆகாது. முந்தானையும் இடுப்பில் செருகும் உள்முனையும் அப்படியே புதிதாக இருக்கும். துவண்ட பழைய காட்டன் கத்தரிக்கோலுக்கு வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்மாதான் கஞ்சி போடச் சொன்னாள். சோற்றுக் கஞ்சியில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டதும் காகிதம் மாதிரி நேராக வெட்டுப்பட்டது. (தைத்து முடித்ததும் அலசிவிடுங்கள், கஞ்சித் துணிக்குப் பூச்சி வரும்.) நடு அடுக்குக்குப் பஞ்சு வைக்கவில்லை. திருச்சி வெயிலில் பஞ்சுப் போர்வையை யார் போர்த்துவது? அப்பாவின் எட்டு முழ வேட்டியை வைத்துக் கையால் ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிப் போடும் தையல்) போட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: வெட்டுவதற்கு அம்மா எடுத்துக் கொடுத்த புடவைகளில் ஒன்றுகூட அவளுக்குப் பிடித்தது இல்லை! பிடித்தவை இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன.

பாபின்கேஸ், கோவை

அக்கா, அந்த 216 சதுரம் வெட்டுகிற பொறுமை எனக்கு வராது. பெங்களூரில் ஒரு கைவினைக் கண்காட்சியில் சித்தி என்ற இனத்து மக்களின் போர்வையைப் பார்த்த பிறகு சதுரத்தையே விட்டுவிட்டேன். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள் பக்கம் காட்டோரக் கிராமங்களில் வாழ்கிறவர்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர். கண்காட்சியில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேப்பர் மாதிரியும் இல்லை, ஸ்கேலும் இல்லை. அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்தில் ஆரம்பிக்கிறார். கைக்குக் கிடைத்த துண்டை வைத்து விளிம்பை விரலால் மடித்துக்கொண்டே ஓட்டுத்தையல் போடுகிறார். அடுத்த துண்டு, அடுத்த துண்டு என்று சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர்கிறது. ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்ப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது.

நாலு மூலையிலும் மடித்த துண்டுகளை இதழ் இதழாக வைத்திருந்தார். ஃபுலா என்றார், பூவாம். அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக நிற்கிற மாதிரி என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கன்னடம் அரைகுறை. இருந்தாலும் இது புரிந்தது.

வீட்டுக்கு வந்து அதே முறையில் என் அண்ணன் பேத்திக்குத் தொட்டில் விரிப்பு தைத்தேன். கை நேராக ஓடாத இடம்தான் அதில் அழகு. உங்கள் சதுரத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, கொஞ்சம் சொல்கிறேன்தான்.

கத்தரிக்கோல், மதுரை

நான் தொழிலுக்குத் தைக்கிறவன். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் மிஷின் ஓடிய காலத்தில் தொழில் பழகினேன். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போவார்கள், திரும்பி வரும்போது அச்சு அசலாக இன்னொன்று தயாராக இருக்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன.

போன வருஷம் ஐ.டி.யில் வேலை பார்க்கும் பொண்ணு ஒன்று கடைக்கு வந்தது. "அண்ணா, வெட்டுத் துண்டு சும்மாதானே கிடக்கு, ஒரு பை கொடுங்களேன்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எந்த டெய்லர் கடையிலும் துண்டு சும்மா கிடப்பதில்லை அம்மா. பைப்பிங்குக்குப் போகும், பட்டன் பட்டிக்குப் போகும், மிச்சம் மிதியடி பின்னுகிறவர் வாங்கிப் போவார். இருந்தாலும் ஒரு பை கொடுத்தேன். காசு வாங்கிக்கொண்டுதான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு குஷன் உறையோடு வந்து நின்றது. மூலைகள் பொருந்தியிருந்தன, ஆனால் ஒரு பக்கம் மட்டும் அலை அலையாக இழுத்துக்கொண்டிருந்தது. துண்டுகளில் சில கிராஸில் (நூல் ஓடும் திசைக்குக் கோணலாக) வெட்டியவை, ஜாக்கெட் கை வெட்டிய மிச்சம் அப்படித்தான் இருக்கும். நூலோட்டம் பார்த்து, நேர்நூல் துண்டையும் கிராஸ் துண்டையும் பிரித்து வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். துண்டின் வெட்டு விளிம்பைப் பிடித்து இழுத்தால் ரப்பர் போல் நீள்கிறதா என்று பார், நீண்டால் அதைத் தனியாக வை, அவ்வளவுதான் பாடம். அந்தப் பொண்ணு இப்போது மாதம் ஒருமுறை வருகிறது, டீயும் வாங்கி வருகிறது.

இங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "நேர்த்தையல்தானே" என்று எழுதாதீர்கள். நேர்த்தையல் நேராக வர எனக்கு ஒரு வருஷம் குருநாதரிடம் குட்டு வாங்க வேண்டியிருந்தது.

பனிக்காலம், ஸ்கார்பரோ

எங்கட வீட்டில இருந்தது சிங்கர் மெசின். அம்மம்மா மாதாமாதம் காசு கட்டி எடுத்தவா. 1995 ஒக்டோபர் கடைசியில சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட இரவு, அம்மா மெசினின்ர தலையை மட்டும் கழட்டிச் சாக்கில கட்டி சைக்கிள் கரியரில ஏத்தினவா. மேசையும் காலும் வீட்டிலயே நிண்டிட்டுது. தென்மராட்சியில ஆரோ ஒருத்தரின்ர மேசையில அந்தத் தலையைப் பூட்டி, சட்டை தைச்சுத்தான் எங்களுக்குச் சாப்பாடு. அதால தையல் எண்டாலே எனக்கு வெறுப்பு. கனடா வந்து கனகாலம் ஊசி தொடவே இல்லை.

இஞ்ச சமூக நிலையத்தில வயசான கனடாப் பெண்கள் கூடிப் போர்வை தைக்கிறவை. ஒருநாள் மகளின்ர நீச்சல் வகுப்பு முடியுமட்டும் சும்மா போய் இருந்தனான். அவையள் 'லாக் கேபின்' தைச்சுக்கொண்டிருந்தினம். நடுவில ஒரு சிவப்புச் சதுரம், அதைச் சுத்தி நீட்டு நீட்டுப் பட்டியளா வெளிச்சமும் இருட்டும். நீட்டுப் பட்டி எண்டதும் எனக்குச் சீலைக் கரைதான் ஞாபகம் வந்தது. அடுத்த கிழமை அம்மாவின்ர கிழிஞ்ச காஞ்சிபுரத்தின்ர கரையைக் கொண்டு போனன். பட்டு நழுவும், சரிகை ஊசியில மாட்டும். பின்பக்கம் மெல்லிய ஒட்டுக் கான்வஸை அயன் பண்ணி ஒட்டினாப் பிறகுதான் சொல்லுக் கேட்டுது. சரிகையில நேரே சூடு வையாதேங்கோ, மேல ஒரு காட்டன் துணி போட்டு அயன் பண்ணுங்கோ.

திருச்சி அக்கா, உங்களுக்குப் பஞ்சு தேவையில்லை. இஞ்ச சனவரியில பஞ்சு இல்லாட்டி அது போர்வையே இல்லை!

அம்மாவுக்குக் காட்டினன். "இதுக்கு எவ்வளவு தருவினம்?" எண்டு கேட்டா. விக்கிறதுக்கில்லை எண்டன். அவவுக்கு அது கடைசிவரை விளங்கேல்லை.

புதுசு, சென்னை

எல்லோருக்கும் வணக்கம். கரண்ட் மிஷின் வாங்கியாயிற்று. ராத்திரி ஓட்டினால் கீழ் வீட்டு மாமா காலிங்பெல் அடிக்கிறார், அதனால் காலையில் மட்டும். இரண்டு கேள்வி: பஞ்சு அடுக்கு எங்கே வாங்குவது? பழைய மெட்ராஸ் செக்ஸ் லுங்கியைப் பயன்படுத்தலாமா?

ஊசிமுனை, திருச்சி

புதுசு, சோபா, மெத்தை தைக்கிற கடைகளில் பாலியஸ்டர் வேடிங் என்று கேளுங்கள், சுருளாக இருக்கும், மீட்டரில் வெட்டித் தருவார்கள். இலவம் பஞ்சைப் பரப்பித் தைக்க வேண்டாம். ஒரு சலவையில் எல்லாம் ஒரு மூலைக்குப் போய்க் கட்டியாகிவிடும். லுங்கி அருமையாக இருக்கும், கட்டம் போட்டிருப்பதால் கோடு வரையாமலே வெட்டலாம். ஆனால் சாயம் போகும். ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் தனியாக அலசி, திரும்பச் சோதித்துவிட்டு வெட்டுங்கள்.

கத்தரிக்கோல், மதுரை

மிஷினுக்கு அடியில் பழைய சாக்கையோ கனமான மிதியடியையோ மடித்துப் போடுங்கள். மாமா காலிங்பெல் அடிப்பது குறையும்.