வீட்டு வைஃபை: போன வீடுகளில் பார்த்ததும் சரிசெய்ததும்

(ஒவ்வொரு பகுதியின் மேலே இருப்பது அதைச் சொல்பவரின் புனைபெயர்.)

செம்புக்கம்பி:

ஃபைபர் இணைப்பு கொடுத்துவிட்டுப் போன வீடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது இரண்டு. வைஃபை தரும் ரவுட்டர் பெட்டி, டிவி ஷோகேஸுக்குள் இருக்கும். பாஸ்வேர்டு, வீட்டுக்காரரின் செல்போன் எண்ணாக இருக்கும். முதலாவதைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன்.

செல்போன் எண் ஏன் கூடாது? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நம் நாட்டு எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி வாய்ப்பு. டபிள்யூ.பி.ஏ.2 என்ற வைஃபை பூட்டு முறையில் போன் ரவுட்டரோடு சேரும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். தெருவில் நின்று அந்த நான்கையும் பிடித்தவன் அப்புறம் உங்கள் வீட்டுப் பக்கமே வர வேண்டாம். தன் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்ப்பான். ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குச் சுமார் 25 லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். 400 கோடியும் அரைமணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பிறந்த தேதி வைத்திருந்தால் இன்னும் மோசம்: நூறு வருஷத்துக்கும் சேர்த்து மொத்தமே முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் தேதிகள்தான்.

இதற்கு மாற்று சிக்கலானதல்ல. ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் கலந்து, எந்தப் பொருளும் இல்லாமல் 12 எழுத்து. வாசிக்கும்போது குழப்பும் எல், ஓ, பூஜ்யம், ஒன்று நான்கையும் விட்டுவிடுங்கள். மிச்சம் 32 குறிகள். அதே கார்டு எல்லாவற்றையும் முயன்று முடிக்க 14,000 வருஷத்துக்கு மேல் ஆகும். இடையில் ஒரு ஆச்சரியக்குறி, ஒரு பெரிய எழுத்து என்று போட்டு, ஸ்மார்ட் டிவி ரிமோட்டில் அதைத் தட்ட முடியாமல் தவிக்க வேண்டாம். பாதுகாப்பைத் தருவது நீளமும் தற்செயலும்தான். தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள், தப்பே இல்லை. வைஃபையைத் திருட வருபவன் பீரோவைத் திறக்கப் போவதில்லை. பீரோவைத் திறக்க வருபவனுக்கு வைஃபை தேவையில்லை.

நெட்வொர்க் பெயரையும் மாற்றிவிடுங்கள். டபிள்யூ.பி.ஏ.2-வில் பாஸ்வேர்டையும் பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்துத்தான் சாவி தயாராகிறது. பெட்டியோடு வந்த பொதுப்பெயரையே வைத்திருந்தால், அந்தப் பெயருக்கு முன்கூட்டியே அரைத்து வைத்த பட்டியல் ஒருவனிடம் இருக்க வாய்ப்புண்டு. பெயரில் கதவு எண்ணும் குடும்பப் பெயரும் வேண்டாம்.

ஆன்டெனா:

அண்ணன் விட்ட முதலாவதை, பெட்டி வைக்கும் இடத்தை, நான் எடுக்கிறேன்.

ஷோகேஸுக்குள் வைத்தால் முன்னால் டிவியின் உலோகத் தகடு, பக்கத்தில் செட்டாப் பெட்டி, பின்னால் சுவர். கதவு கண்ணாடியில் உலோகப் பூச்சு இருந்தால் அதுவும் ஒரு தடை. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி இவை மூன்றும் சிக்னலை விழுங்குபவை. ஒவ்வொரு 3 டெசிபல் இழப்புக்கும் சக்தி பாதியாகும் என்பதை நினைவில் வைத்தால் போதும், சுவர்களை எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டியதும் வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் 5 தள்ளாடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதைவிடக் கடுமை. அதனால்தான் கீழ்வீட்டு ஹாலில் பெட்டி இருந்தால் மாடி அறையில் கோடு ஒன்றுதான் நிற்கிறது.

வைக்க வேண்டிய இடம், வீட்டின் நடுப்பகுதியில் ஐந்தாறு அடி உயரத்தில் திறந்த அலமாரி. ஆன்டெனாவை நட்டுக்குத்தலாக நிறுத்தினால் அலை பக்கவாட்டில் விரியும், நேர் மேலும் நேர் கீழும் குறையும். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் சாய்த்துப் பார்க்கலாம். அதிசயம் நடக்காது, கொஞ்சம் உதவும்.

"சிக்னல் நல்லா இருக்கு" என்று கோடுகளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை செயலி ஒன்றைப் போட்டு ஒவ்வொரு அறையிலும் அளவைப் பாருங்கள். −50 டி.பி.எம். (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்) என்றால் பிரமாதம். வீடியோ அழைப்புக்கு −67 வரை பரவாயில்லை. −75-க்குக் கீழே போனால் அங்கே சண்டை நிச்சயம். ஒரு குறிப்பு: ஆண்ட்ராய்டு 9 முதல், செயலி இரண்டு நிமிஷத்தில் நான்கு முறைதான் ஸ்கேன் செய்ய முடியும். எண் அசையாமல் நின்றால் பழுதென்று நினைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் ஆப்ஷனில் அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தலாம்.

சேனல் (அலைவரிசைக்குள் ஒரு தடம்): 2.4-ல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். பக்கத்து வீட்டுக்காரர் 6-ல் இருக்கிறார் என்று நீங்கள் 4-ல் போய் உட்கார்ந்தால் 1-ல் இருப்பவருக்கும் 6-ல் இருப்பவருக்கும் சேர்த்து இடைஞ்சல், உங்களுக்கும் இடைஞ்சல். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருப்பார்கள். பாதி மேல்படிந்த சேனலில் இருப்பவருக்கு அது வெறும் இரைச்சல். 5-ல் 36 முதல் 48, அல்லது 149 முதல் 161, அகலம் 80. 52 முதல் 64 வரை காலியாகத் தெரியும். ஆனால் அங்கே ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பத் தொடங்கும். ரேடார் தட்டுப்பட்டால் நடுவிலேயே சேனல் மாறிவிடும். சில டிவி ஸ்டிக்குகள் அந்தச் சேனல்களைப் பார்ப்பதே இல்லை.

மாடிவீடு:

மாடிக்கு என்ன தீர்வு என்று சொல்லாமலே போய்விட்டீர்களே. கடையில் போனால் ரிப்பீட்டரைத்தான் கையில் கொடுக்கிறார்கள்.

செம்புக்கம்பி:

ஒற்றை ரேடியோ ரிப்பீட்டர் எதைக் கேட்கிறதோ அதை அதே காற்றில் திரும்பச் சொல்ல வேண்டும். அதனால் வேகம் பாதியாகும். அதையும் சிக்னல் செத்த மாடி அறையிலேயே சொருகிவிடுவார்கள். செத்ததைத்தான் அது திரும்பச் சொல்லும். லேன் கேபிள் ஒன்றை மேலே இழுத்து இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (வைஃபை மட்டும் தரும் பெட்டியாக) வைப்பதுதான் முறை. பழைய ரவுட்டரே போதும்.

இப்படிச் செய்யுங்கள். பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, லேப்டாப்பில் மட்டும் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள் (கீழ்ப்பெட்டி 192.168.1.1 என்றால்). அதில் டி.எச்.சி.பி.யை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்துங்கள். கீழ்ப்பெட்டியின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளை இதன் லேன் துளையில்தான் செருக வேண்டும், வான் (வெளி இணையம் வரும்) துளையில் அல்ல. பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் கீழே உள்ளதைப் போலவே, சேனல் மட்டும் வேறு. டி.எச்.சி.பி.யை நிறுத்த மறந்தால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். காலையில் வேலை செய்த போன் மாலையில் "இணையம் இல்லை" என்று நிற்கும், காரணம் பிடிபடாது.

கேபிள் கேட்.6 வகை, சுத்தச் செம்பு. விலை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். பிளேடால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும், அதை வாங்க வேண்டாம். இரண்டு நுனியிலும் ஒரே வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். 230 வோல்ட் வயர் போகும் அதே பைப்பில் இதை நுழைக்கக் கூடாது. பைப் அடைத்துக்கொண்டது என்று எலெக்ட்ரீஷியன் சொன்னால் சுவரோரம் கேசிங் அடித்துப் போகலாம்.

"200 எம்.பி. பிளான் போட்டும் 94-க்கு மேல் ஏறவில்லை" என்று சொன்னால் உடனே புரிந்துவிடும்: நடுவில் எங்கோ 100 எம்.பி. லிங்க். ஒன்று, ரவுட்டரின் துளையே 10/100 வகை. இல்லையென்றால் எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று கிரிம்ப் ஆகவில்லை, கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பிளான் மாற்றும் முன் இதைப் பாருங்கள்.

ஓ.என்.டி.க்காரர்:

செட்டிங்ஸில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை. கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியில் (ஓ.என்.டி.) ஊசி வைத்து ரீசெட் அழுத்தாதீர்கள். கம்பெனி லைனில் நுழையத் தேவையான பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயர், வி.லேன் எண் எல்லாம் அழிந்து, ஆள் வரும்வரை இணையம் கிடையாது. முதலில் செட்டிங்ஸில் உள்ள வான் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு லாஸ் (எல்.ஓ.எஸ்.) விளக்கு எரிந்தால் வைஃபையை நோண்டுவதில் பயனில்லை, ஒளியே வரவில்லை. நிலைப் பக்கத்தில் வரும் ஒளியின் அளவு −15 முதல் −25 டி.பி.எம். வரை இருந்தால் நல்லது. −27-ஐ நெருங்கினால் மழைநாளில் விட்டுவிட்டு அறுபடும். பெரும்பாலும் பெட்டிக்குப் பின்னால் ஃபைபரை மடித்துத் திணித்திருப்பார்கள். கை விரலளவு வளையமாகச் சுற்றாதீர்கள், டீ டம்ளர் வாய் அளவாவது வேண்டும். பச்சைத் தலை கனெக்டரையும் நீலத் தலையையும் மாற்றிச் செருகக் கூடாது, பச்சையின் முனை சாய்வாக வெட்டியது. நுனியைச் சட்டையில் துடைப்பதும், கண்ணுக்கு நேரே வைத்து "வெளிச்சம் வருதா" என்று பார்ப்பதும் வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் லேசர்தான்.

சொந்த ரவுட்டர் வைப்பவர்கள் இரட்டை நாட் (முகவரி மாற்றும் வேலையை இரண்டு பெட்டியும் செய்வது) சிக்கலில் மாட்டுவார்கள். இரண்டும் 192.168.1.1 என்றால் இரண்டாவதன் அட்மின் பக்கம் குழம்பும். கம்பெனியிடம் சொல்லிப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலை பார்க்காமல் லைனை மட்டும் கடத்துவது) மாற்றச் சொல்லி, பி.பி.பி.ஓ.இ.யை உங்கள் ரவுட்டரில் போடுங்கள். வான் முகவரி 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் அது பொது முகவரி அல்ல. போர்ட் (ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர விடும் வழி) திறந்து வெளியிலிருந்து சி.சி.டி.வி. பார்க்கும் திட்டம் நடக்காது.

பூட்டுச்சாவி:

நடக்காமல் இருப்பதே நல்லது! போர்ட் திறந்து கேமராவை வெளியே காட்டுவதைப்போல ஆபத்து வேறில்லை. 2016-ல் மிராய் என்ற தீநிரல் பரவியது, தயாரிப்பிலேயே போட்டு வரும் அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை வைத்துத்தான், பிடிபட்டவற்றில் நிறைய கேமராவும் டி.வி.ஆரும்.

நான் போனதும் பார்க்கும் வரிசை இது. அட்மின் பாஸ்வேர்டு "அட்மின்"தானா? (வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.) வெளியிலிருந்து அட்மின் பக்கம் திறக்கிறதா? அதை மூடு. யு.பி.என்.பி. (சாதனங்கள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) தேவையில்லையென்றால் அதையும் மூடு. டி.எச்.சி.பி. பக்கத்தில் டி.என்.எஸ். (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரி கம்பெனியுடையதா, நீங்கள் போட்டதா, யாரும் அறியாததா? மூன்றாவது என்றால் யாரோ உள்ளே வந்துபோயிருக்கிறார்கள். அப்போது மட்டும் கம்பெனியை அழைத்து முழு ரீசெட்.

அப்புறம் டபிள்யூ.பி.எஸ்., பாஸ்வேர்டு தட்டாமல் பொத்தானோ பின் எண்ணோ வைத்துச் சேரும் வசதி. அதன் எட்டு இலக்கப் பின்னில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் நான்கையும் அடுத்த மூன்றையும் ரவுட்டர் தனித்தனியாக "சரி, தப்பு" என்று சொல்லிவிடும். அதனால் ஒரு கோடி வாய்ப்பு 11,000 ஆகச் சுருங்குகிறது. 2011 டிசம்பரிலேயே வெளிவந்த ஓட்டை இது. 12 எழுத்துப் பாஸ்வேர்டு வைத்துவிட்டு இதைத் திறந்து வைப்பது, முன்வாசலுக்கு மணிச்சித்திரப் பூட்டும் கொல்லைப்புறத்துக்குத் தாழ்ப்பாளும் போட்டதுபோல.

மாடிவீடு:

நெட்வொர்க் பெயரை மறைத்து, மேக் ஃபில்டரும் (சாதனத்தின் சொந்த முகவரியைப் பார்த்து அனுமதிப்பது) போட்டால் போதாதா சார்? எங்கள் பக்கத்தில் அதைத்தான் பெரிய பாதுகாப்பு என்கிறார்கள்.

பூட்டுச்சாவி:

இரண்டும் வீண்வேலை தம்பி. பெயரை மறைத்தால் உங்கள் போன் போகிற இடமெல்லாம் "அந்தப் பெயர் இருக்கா, இருக்கா" என்று கூவிக்கொண்டே போகும். மேக் முகவரியோ காற்றில் பூட்டில்லாமலே போகிறது, பார்த்து நகலெடுக்க ஒரு நிமிஷம். மேலும் ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் நெட்வொர்க்குக்கு ஒரு பொய் முகவரி காட்டுகின்றன. நெட்வொர்க்கை மறந்து திரும்பச் சேர்த்தால் ஃபில்டர் உங்கள் பிள்ளையையே வெளியே நிறுத்தலாம்.

டபிள்யூ.பி.ஏ.2-க்கு அடுத்து வந்த டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைப் போடுங்கள். செம்புக்கம்பி சொன்ன, பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் உடைக்கும் வித்தை அதில் பலிக்காது. பழைய சாதனங்களுக்காக இரண்டும் சேர்ந்த கலப்பு முறை வைக்கலாம், ஆனால் சில ஸ்மார்ட் பிளக்குகள் கலப்பைக் கண்டாலும் சேர மறுக்கும். அவற்றுக்கு கெஸ்ட் நெட்வொர்க் (அதே ரவுட்டரில் விருந்தாளிகளுக்கான தனி வைஃபை): 2.4 மட்டும், டபிள்யூ.பி.ஏ.2 ஏ.இ.எஸ்., தனிப் பாஸ்வேர்டு. கேமரா, பிளக், பல்பு எல்லாம் அங்கே. உள்நெட்வொர்க்கைப் பார்க்கும் அனுமதி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பிரின்டரையும் டிவியையும் அங்கே போட்டுவிட்டு "போனில் காஸ்ட் ஆகவில்லை" என்று தேடாதீர்கள், அவை முதன்மை நெட்வொர்க்கில்தான்.

பாஸ்வேர்டே போடாமல் திறந்து வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2008 அகமதாபாத் குண்டுவெடிப்பின்போது வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிப்போன போலீஸ் போய் நின்றது, நவி மும்பையில் ஒருவர் பூட்டாமல் வைத்திருந்த வைஃபையின் வாசலில்.

ஆன்டெனா:

மின்வெட்டுக்கு மினி யு.பி.எஸ். வாங்குபவர்கள் அடாப்டரின் அடியில் உள்ளதைப் படித்துவிட்டுப் போங்கள். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் பெட்டிக்கு 12 வோல்ட், 1.5 அல்லது அதற்கு மேல். 9 வோல்ட்டில் பெட்டியின் விளக்கு எரியும், அணையும், எரியும். தெருவில் ஃபைபர் ஒளியைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் கம்பெனி முனையில் பேட்டரி இருந்தால் ஊரே இருட்டாக இருந்தாலும் உங்கள் லைன் ஓடும். கம்பத்தில் சுவிட்ச் மாட்டி லேன் கேபிளாக இழுத்த பழைய முறை இணைப்பில் அது நடக்காது.

ஓ.என்.டி.க்காரர்:

மழைக்காலம் வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழையில் இடி வராது, ஆனால் கூடவே வரும் தாங்குகம்பி எஃகு. அதை வீட்டுக்கு வெளியிலேயே கட்டி வெட்டிவிட வேண்டும், பெட்டிவரை கொண்டுவரக் கூடாது. மொட்டைமாடி கேமராவிலிருந்து இறங்கும் லேன் கேபிள்தான் பெரும்பாலும் ரவுட்டரைக் கொல்கிறது. இடி இறங்கும்போது பவரோடு அதையும் பிடுங்குங்கள்.

மாடிவீடு:

கடைசியாக ஒன்று. வருபவர்களுக்கெல்லாம் பாஸ்வேர்டு சொல்லி அலுத்து, கியூ.ஆர். அச்சடித்து ஹால் சுவரில் ஒட்டலாமா?

பூட்டுச்சாவி:

ஒட்டலாம், கெஸ்ட் நெட்வொர்க்குடையதை மட்டும். அந்தக் கட்டத்துக்குள் பாஸ்வேர்டு பூட்டெதுவும் இல்லாமல் எழுத்தாகவே இருக்கிறது. வாசல் ஜன்னல் வழியாக ஒரு போட்டோ எடுத்தால் போதும், படித்துவிடலாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம்.