கடல் உள்வாங்காமலே சுனாமி வருமா?

கேள்வி:
கடல் உள்வாங்கினால் உடனே ஓட வேண்டும் என்று மகளுக்குப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். என்னிடம் வந்து, "அன்னைக்குக் கடல் உள்வாங்கினப்ப நீங்க ஏம்மா ஓடல?" என்று கேட்டாள்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு 11 வயது. நாகப்பட்டினம் பக்கம் மீனவக் கிராமம். அம்மா கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். கடல் பின்னால் போனதை நான் பார்க்கவே இல்லை. கறுப்புத் தண்ணீர், சுருளாமல், அப்படியே உயர்ந்து வந்தது. அம்மா ஒரு கையில் என்னையும் இன்னொரு கையில் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். தங்கச்சி பிடி நழுவிப் போய்விட்டாள். நாங்கள்தான் அடையாளத்தைக் கவனிக்காமல் விட்டோமா?

பதில் (கடலியல் படிப்பவன்):
இல்லை அக்கா. உங்கள் நினைவு சரிதான். சுமத்ரா தொடங்கி அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் கடலடித் தரை கிழிந்தது. அதில் மேற்குப் பக்கத் தரை எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துக்குப் போன அலையில் பள்ளம் முந்திக்கொண்டது. அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. நம் பக்கம் வந்ததில் மேடுதான் முன்னால் வந்தது. நம் கரையில் பலரும் கடல் உள்வாங்கிப் பார்த்தது, ஒரு அலை போய் அடுத்தது வருவதற்கு நடுவில் இருக்கலாம். நீங்கள் கவனிக்க எதுவும் இருக்கவில்லை.

பதில் (விசைப்படகுத் தொழிலாளி):
நான் அன்று ஆழ்கடலில் இருந்தேன் தங்கச்சி. படகு ஆடியதாகக்கூடத் தெரியவில்லை. கரையை நெருங்கும்போது கூரைக் கீற்றும் குடமுமாக மிதந்து வந்தன. அப்புறம்தான் தெரிந்தது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் மகளுக்கு என்ன சொல்லட்டும்?

பதில் (கடலியல் படிப்பவன்):
காலை 6.29-க்கு நிலம் அதிர்ந்தது. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஓர் அமைப்பு இல்லை. எனக்கு ஆறாத விஷயம் அதுதான். 2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்துவிட்டது. தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. எச்சரிக்கை என்றதும் கடலை எட்டிப் பார்க்கப் போகாமல் மேட்டுக்குப் போகச் சொல்லுங்கள். முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கத் திரும்பக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
தம்பி, உங்கள் முதல் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.