பால்கன் நாடுகளின் பல்கலைக்கழகச் சட்டங்கள்: ஒப்பிடும்போது எந்தப் பிரிவைப் பார்ப்பது?

சட்டப்பித்தன்:
முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகள், கொசோவோ, ருமேனியா, கிரீஸ் ஆகியவற்றின் உயர்கல்விச் சட்டங்களை அட்டவணை போட்டு ஒப்பிடும் கட்டுரைக்காகக் கேட்கிறேன். 'தன்னாட்சி' என்ற சொல் எல்லாச் சட்டங்களிலும் ஆரம்பப் பக்கங்களிலேயே வந்துவிடுகிறது. போலோன்யா முறை (ஐரோப்பிய நாடுகளின் பொதுவான பட்ட அமைப்பு), மூன்று கட்டப் பட்டங்கள், கிரெடிட் கணக்கு என்று வாசிக்க எல்லாம் ஒரே அச்சு. நடைமுறை மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. அந்த வேறுபாடு சட்டத்தில் எங்கே ஒளிந்திருக்கிறது? செர்பியாவின் 2005, 2017 சட்டங்களிலிருந்து தொடங்கினால் சரியா? தர அங்கீகார அமைப்புகளின் முடிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கணக்கர்:
செர்பியாவில் தொடங்குங்கள், ஆனால் தன்னாட்சிப் பிரிவைத் தள்ளி வைத்துவிட்டு. முதலில் பார்க்க வேண்டியது, பீடத்துக்கு (மருத்துவம், சட்டம் போன்ற ஒரு துறைக்கான பிரிவு) தனிச் சட்ட ஆளுமை, அதாவது தன் பெயரிலேயே ஒப்பந்தம் போடும், சொத்து வைக்கும் தகுதி உண்டா என்பதை.

யூகோஸ்லாவியக் காலத்தில் பல்கலைக்கழகம் என்பது பீடங்களின் தளர்ந்த கூட்டமைப்பு. ஆள் எடுப்பது, ஒப்பந்தம் போடுவது, வங்கிக் கணக்கு வைப்பது எல்லாம் பீடத்தின் பெயரில். 2005 சட்டம் பட்டக் கட்டமைப்பைத்தான் மாற்றியது, இதில் கை வைக்கவில்லை. 2017 சட்டமும் அப்படியே விட்டுவிட்டது. பெல்கிராட் பல்கலைக்கழகத்தில் 31 பீடங்கள். மாணவர் கட்டும் கட்டணம் பீடத்தின் கணக்கில் விழும். அதில் ஒரு பங்குதான் பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரின் அலுவலகத்துக்குப் போகும். அதனால் வருமானம் கொழிக்கும் பீடத்திலிருந்து நலிந்த பீடத்துக்குப் பணத்தை நகர்த்த ரெக்டருக்கு வழியில்லை. ஒரே அடிப்படைப் பாடத்தை ஒவ்வொரு பீடமும் தன் ஆசிரியரை வைத்தே நடத்தும். இரண்டு பீடங்கள் சேர்ந்து ஒரு படிப்பு தொடங்க நினைத்தால், கல்விக் குழுவைவிட ஒப்பந்தத்தில்தான் அதிக நேரம் போகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருங்கிணைந்த பல்கலைக்கழகங்கள், அதாவது பீடங்களுக்குத் தனி ஆளுமை இல்லாமல் முழுவதும் ஒரே சட்ட நபராக இருப்பவை, பெரும்பாலும் பின்னால் பிறந்தவை: செர்பியாவில் நோவி பசார் (2006), வட மாசிடோனியாவில் ஷ்டிப் நகரின் கோட்சே டெல்செவ் (2007), குரோஷியாவில் சாடர், டுப்ரோவ்னிக், பூலா. ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த பீடங்கள் அதை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மாண்டினீக்ரோ விதிவிலக்கு: அப்போது அங்கே இருந்தது ஒரே அரசுப் பல்கலைக்கழகம், 2003 சட்டம் அதை ஒரே சட்ட நபராக ஆக்கியது.

அடுத்ததாக, சம்பளம் எந்த ஆவணத்தில் தீர்மானமாகிறது என்று தேடுங்கள். செர்பியாவில் அதைச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. அரசு ஆணையில் இருக்கிறது. மாணவர் முற்றுகையால் வகுப்புகள் நின்றிருந்த 2025 மார்ச்சில், ஆசிரியரின் வார வேலை 20 மணி கற்பித்தல், 20 மணி ஆய்வு என்றிருந்ததை அரசு 35க்கு 5 என்று ஆணையால் மாற்றியது. வகுப்பு நடக்காததால் ஆய்வுக்கான அந்த 5 மணிக்கு மட்டும் சம்பளம், அதாவது எட்டில் ஒரு பங்கு. தன்னாட்சிப் பிரிவில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

வடக்குவாசல்:
போஸ்னியாவை ஒரே வரிசையில் அடக்கப் பார்க்காதீர்கள். நாடு முழுவதற்குமான கல்வி அமைச்சகமே அங்கு கிடையாது. கூட்டாட்சிப் பகுதியின் 10 கன்டோன்களுக்கும் (மாகாணங்கள்) கல்வி அதிகாரம் தனித்தனி. நாட்டின் மற்றொரு பகுதியான ரெபுப்லிகா சர்ப்ஸ்காவும், தனி நிர்வாகமுள்ள பர்ச்கோ மாவட்டமும் வேறு. பொது வரையறைகளை மட்டும் வகுக்கும் 2007 சட்டகச் சட்டம் மேலே ஒரு கூரை மட்டும் போட்டது. அதன்படி பன்யா லூகாவில் தர முகமை, மோஸ்தாரில் பட்ட அங்கீகாரத் தகவல் மையம்.

இதில் வழக்கமாகக் குழம்பும் இடம் உரிமமும் தர அங்கீகாரமும். உரிமம் கன்டோன் அமைச்சகம் தருவது; நிறுவனத்தைத் திறந்து நடத்தலாம் என்று மட்டுமே அதற்குப் பொருள். தர அங்கீகாரத்துக்கு வல்லுநர் குழு வந்து பார்க்கும், முகமை பரிந்துரைக்கும், முடிவு மறுபடி அமைச்சகத்தின் கையில். அதன் பிறகே பெயர் தேசியப் பதிவேட்டில் ஏறும். கல்லூரி விளம்பரத்தில் 'அமைச்சக அனுமதி பெற்றது' என்று இருந்தால் அது முதல் படி மட்டும்தான். பதிவேட்டில் பெயரும் தேதியும் பார்க்காமல் அட்டவணையில் சேர்க்க வேண்டாம். மோஸ்தார் மையத்தின் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

2022 நவம்பரில் பெர்லினில் மேற்கு பால்கனின் ஆறு தரப்பும் (அல்பேனியா, போஸ்னியா, கொசோவோ, மாண்டினீக்ரோ, வட மாசிடோனியா, செர்பியா) பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மருத்துவர், பல் மருத்துவர், கட்டடக் கலைஞர் தொழில் தகுதிகளுக்கு அன்றே தனி ஒப்பந்தம். இரண்டையும் ஒன்றாக எழுதினால் தவறாகிவிடும்.

ஏட்டுச்சுரை:
தர முகமைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யார் நியமிக்கிறார் என்பதோடு நிற்காமல், பதவிக்காலம் முடியும் முன் யார் நீக்கலாம் என்ற பிரிவைத் தேடுங்கள். கொசோவோவில் 2017இல் தர முகமையின் மன்றத்தை அரசு கலைத்தது. நம்பத்தக்க தர முகமைகளைப் பட்டியலிடும் ஐரோப்பியத் தரப் பதிவேடு 2018இல் அந்த முகமையின் பெயரை நீக்கியது. ருமேனியாவில் 2012இல் பிரதமரின் முனைவர் ஆய்வேட்டில் எழுத்துத் திருட்டு உண்டா என்று விசாரித்த தேசிய மன்றத்தின் உறுப்பினர் அமைப்பை இடைக்கால அமைச்சர் ஆணை போட்டு மாற்றினார். இரண்டு இடத்திலும் முகமைச் சட்டம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

சட்டப்பித்தன்:
நன்றி, அட்டவணைக்கு மூன்று நிரல் கிடைத்துவிட்டது: பீடத்தின் சட்ட ஆளுமை, சம்பள ஆணை, நீக்கும் அதிகாரம். கிரீஸும் இதில் பொருந்துமா?

கணக்கர்:
முதல் நிரலில் பொருந்தாது. அங்கே பீடச் சிக்கல் இல்லை. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவுதான் சிக்கல். உயர்கல்வி நடத்துவது அரசு சார்ந்த பொதுச்சட்ட நிறுவனங்களுக்கு மட்டுமே, தனியார் தொடங்கத் தடை. 2024இன் 5094ஆம் சட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளைகளை லாப நோக்கற்ற சட்ட நபர்களாக அனுமதித்தது இதைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. நிர்வாகமும் ஊசலாட்டம்தான்: 2011இன் 4009ஆம் சட்டம் பல்கலைக்கழகத்துக்கு வெளியார் அமரும் நிர்வாக மன்றங்களைக் கொண்டுவந்தது, 2017இன் 4485 அவற்றை நீக்கியது, 2022இன் 4957 திரும்பக் கொண்டுவந்தது: 11 பேர், அதில் 5 பேர் வெளியார், உள்ளிருக்கும் 6 பேரில் ஒருவரை மன்றமே ரெக்டராகத் தேர்ந்தெடுக்கும். ஆகவே கிரீஸுக்கு 'ரெக்டரை யார் தேர்ந்தெடுக்கிறார்' என்று நான்காவது நிரல் ஒன்று போடுங்கள்.

எந்த நாடானாலும் முதல் வெளியீட்டை வைத்து எழுத வேண்டாம். திருத்தங்கள் சேர்த்த தொகுப்பை எடுங்கள். செர்பியாவின் 2017 சட்டம் அதற்குப் பிறகு பலமுறை திருத்தப்பட்டுவிட்டது.